யாருடைய எலும்பு?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்பவை இரண்டு யானைகளின் எலும்புக்கூடுகள். ஆனால் கூட்டம் தேடிப்போவது வேறொரு எலும்புக்கூட்டை. அது வில்லியம் பர்க்குடையது. 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்ட கொலைகாரன்.

இந்தக் கதை அதற்கு நூறாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1720-இல் அலெக்சாண்டர் மன்றோ என்பவர் அங்கே உடற்கூறியல் பேராசிரியர் ஆனார். அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். மூவருக்கும் ஒரே பெயர். 1846 வரை, 126 ஆண்டுகள், அந்த நாற்காலி ஒரே குடும்பத்தின் சொத்தாக இருந்தது. மூவரில் கெட்டிக்காரர் மகன் மன்றோதான். மூளையில் உள்ள 'மன்றோ துளை' அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. நிணநீர் நாளங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியவை. அவற்றுக்குள் பாதரசத்தைச் செலுத்தினால் வெள்ளிக் கம்பிகள் போலப் பளபளவென்று தெரியும். இப்படிப் பதப்படுத்திய உறுப்புகளை அப்பாவும் மகனுமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1798-இல் மகன் அவற்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அருங்காட்சியகத்துக்கு விதை அதுதான். பேரனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் வகுப்பு எவ்வளவு சலிப்பூட்டியது என்று அங்கே மருத்துவம் படிக்கப்போன சார்லஸ் டார்வினே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

பாடம் நடத்தப் பிணம் வேண்டும். சட்டப்படி கிடைத்தவையோ பெரும்பாலும் தூக்கில் தொங்கியவர்களின் உடல்கள், அவை போதவில்லை. புதைத்த பிணத்தை இரவோடு இரவாகத் தோண்டி விற்பது தொழிலாகவே ஆனது. மக்கள் கொதித்துப்போனதால் முதல் மன்றோ 1725-இல் தன் வகுப்பைப் பாதுகாப்பு கருதிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாற்ற வேண்டிவந்தது. வசதி உள்ளவர்கள் கல்லறைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டார்கள். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் இடுகாட்டில் அந்தக் கூண்டுகளை இன்றும் பார்க்கலாம்.

இந்தச் சூழலில்தான் எடின்பரோவில் வில்லியம் ஹேர் என்பவன் நடத்திய விடுதியில் ஒரு முதியவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு நோயில் இறந்தார். ஹேரும் பர்க்கும் அந்த உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியரிடம் ஏழரைப் பவுனுக்கு விற்றார்கள். தோண்டாமலே காசு வந்ததும் ருசி கண்டுவிட்டது. அடுத்து 16 பேரைக் கொன்றே விற்றார்கள். தெருவில் எல்லோருக்கும் பழக்கமான ஜேமி என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞனின் உடல் வந்தபோது மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவன் இல்லை என்று நாக்ஸ் சாதித்துவிட்டார். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பர்க் மட்டும் தூக்கில் தொங்கினான். அவன் உடலை அறுத்து ஆராய வேண்டும், எலும்புக்கூட்டைப் பாதுகாத்துவைத்தால் சந்ததியினர் அவன் கொடுமைகளை நினைவில் கொள்வார்கள் என்றார் நீதிபதி. அறுத்தவர் பேரன் மன்றோ. இது பர்க்கின் ரத்தத்தால் எழுதப்பட்டது என்று ஒரு தாளில் அந்த ரத்தத்தைத் தொட்டே எழுதியும் வைத்தார். சலிப்பூட்டும் ஆசிரியர் என்று பெயரெடுத்தவரின் வாழ்க்கையில் மறக்கமுடியாத செயல் இது ஒன்றுதான் போலும்.

1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, கேட்பாரற்றுக் கிடக்கும் உடல்களை மருத்துவக் கல்விக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. பிணத் திருட்டு ஓய்ந்தது உண்மை. ஆனால் கொலைக்குத் தண்டனையாக இருந்த ஒன்றை வறுமைக்கான தண்டனையாக்கிய சட்டம் அது என்றுதான் சொல்வேன்.

அருங்காட்சியகத்துக்கு அதன் பெரிய உருவத்தைத் தந்தவர், பின்னாளில் அங்கே உடற்கூறியல் பேராசிரியராக இருந்த வில்லியம் டர்னர். 1880-களில் டெவியட் பிளேஸில் எழும்பிய புதிய மருத்துவக் கல்லூரியில் பல அடுக்கு மாடங்களோடு உயர்ந்த கூடம், கூரையிலிருந்து தொங்கும் திமிங்கில எலும்புகள் என்று பிரமாண்டமாக அமைத்தார். அந்தக் கூடம் பிற்பாடு கூறுபோடப்பட்டுவிட்டது. ஆனால் டர்னர் காலத்தில் பெருகிய இன்னொரு சேகரிப்பு இன்றும் இருக்கிறது: தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகளில் சுமார் 1,500 மண்டையோடுகள். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் வேலைபார்த்த மருத்துவர்களும் ராணுவ அதிகாரிகளும் கிடைத்ததையெல்லாம் அனுப்பிவைத்தார்கள். சிறு ஈயக் குண்டுகளை உள்ளே நிரப்பிக் கொள்ளளவு பார்ப்பது, நீள அகலத்தை அளப்பது, அதை வைத்து இனம் பிரிப்பது. அன்றைய அறிவியல் அது. மண்டை அளவால் மனிதரைத் தரம் பிரிக்கும் அந்த வாதம் இன்று செல்லாக்காசு. எலும்புகள் மட்டும் மிஞ்சிவிட்டன.

சில வீடு திரும்பியிருக்கின்றன. 2019 நவம்பரில் இலங்கை வேடர் சமூகத்தின் தலைவர் எடின்பரோவுக்கே போய்த் தம் முன்னோரின் ஒன்பது மண்டையோடுகளைப் பெற்றுக்கொண்டார். 1874-இல் ஜப்பானியப் படையோடு மோதி மாண்ட தைவான் பழங்குடி வீரர்கள் நால்வரின் மண்டையோடுகள் 2023-இல் ஒப்படைக்கப்பட்டன.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்தியப் பேரரசு மக்களின் மண்டையோடுகள் பற்றி டர்னர் எழுதிய தொடரின் மூன்றாம் பகுதி, 1906-இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அதில் வேடர்களோடு சேர்த்து அவர் அளந்து எழுதியது மதராஸ் மாகாணத்து மக்களைப் பற்றி. அவர்கள் யார், எந்த ஊரிலிருந்து யார் எடுத்துப்போனார்கள், அந்த மண்டையோடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? நம் பல்கலைக்கழகங்களின் மானுடவியல் துறையினர் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்துவிட்டு, எடின்பரோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும்.