பழமில்லாப் பழமணம்

மிட்டாய்க் கடையில் மஞ்சள் காகிதம் சுற்றிய வாழைப்பழ மிட்டாய் ஒன்றை வாங்கி வாயிலிட்டதும் வாழைப்பழ வாசனை கமகமவென்று எழுகிறது. ஆனால் அத்தகைய மிட்டாய்கள் பலவற்றில் வாழைப்பழம் ஒரு துளியும் கிடையாது. மணம் மட்டும் எங்கிருந்து வந்தது? ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் நிறமற்ற திரவத்திலிருந்துதான். தொழிற்சாலைகளில் இதற்கு வழங்கும் பெயர் 'வாழைப்பழ எண்ணெய்'. பெயரில்தான் எண்ணெய், உண்மையில் இது எஸ்டர் வகையைச் சேர்ந்தது. எஸ்டர்களுக்குப் பழமணம் உண்டு என்று மேல்வகுப்பு மாணவிகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இதைச் செய்யத் தேவையானவை இரண்டு. ஒன்று, காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம். மற்றொன்று ஐசோஅமைல் ஆல்கஹால். இரண்டாவதன் பிறப்பிடம் நமக்கு வியப்பளிக்கும். நமக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதை யாவரும் அறிவோம். எந்தச் சர்க்கரை ஆலையிலும் கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் மொலாசஸ் என்னும் கருநிறப் பாகு எஞ்சும். வடிசாலைகளில் அதை ஈஸ்ட் கொண்டு புளிக்க வைத்துச் சாராயம் காய்ச்சும்போது, ஃபியூசல் எண்ணெய் என்ற துர்நாற்றமுள்ள கழிவும் சிறிதளவு பிரிகிறது. அதில் மிகுதியாக இருப்பது ஐசோஅமைல் ஆல்கஹாலே. அதனுடன் அசிட்டிக் அமிலமும் சில துளி கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் நாற்றம் மறைந்து பழமணம் பிறக்கிறது! கந்தக அமிலம் கையைச் சுட்டுவிடும். ஆகவே இதை ஆசிரியையின் முன்னிலையில் சோதனைச் சாலையில்தான் செய்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் இது போலி மணமா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மரத்தில் பழுக்கும் வாழைப்பழமும் இதே பொருளைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. 7 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த அந்த மூலக்கூறு பழத்திலும் குப்பியிலும் ஒன்றேதான். ஆயினும் பழத்தில் அது தனியே இருப்பதில்லை. வேறு பல எஸ்டர்களும், இலவங்கத்துக்கு மணம் தரும் யூஜினாலும் கூட அங்கே கலந்திருக்கின்றன. நம்மூர் மலைக்கோயில் பஞ்சாமிர்தத்தில் பழம், வெல்லம், தேன், நெய் எல்லாம் சேர்ந்தல்லவா அந்தச் சுவை வருகிறது? ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் அது பஞ்சாமிர்தமாகுமா? மிட்டாயின் மணம் நமக்குச் சற்றே தட்டையாகத் தோன்றுவதும் இதனால்தான். மேலும், பழத்திலுள்ள சத்து எதுவும் மணத்தோடு வருவதில்லை. தாய்மார்கள் உறையின் பின்புறத்தைத் திருப்பிப் படித்தால், உள்ளே இருப்பது பழமா, மணமூட்டியா என்பது விளங்கிவிடும்.

இந்த மணத்துக்கு ஐரோப்பாவில் பழைய வரலாறு உண்டு. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் இது 'பேரிக்காய் எண்ணெய்' என்ற பெயரில் இடம்பெற்றது. 1884இல் ஹெஃப்னர் என்ற ஜெர்மானியப் பொறியியலார் இதை ஊற்றி எரித்த விளக்கின் 40 மில்லிமீட்டர் உயரச் சுடரை ஒளியை அளக்கும் அலகாக அமைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அறிஞர்கள் பூஞ்சை வளர்ந்த நீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுக்கவும் அமைல் அசிட்டேட்டே துணை நின்றது. எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்தின் பின்னே மிட்டாய் வாசனையும் இருந்திருக்கிறது!

இறைவனின் படைப்பில் தேனீயின் கதை இன்னும் விந்தையானது. தேனீ கொட்டியதும் கொடுக்கின் அருகிலுள்ள சுரப்பியிலிருந்து இதே மணம் வெளிப்படுகிறது. நமக்கு அது பழவாசனை, மற்றத் தேனீக்களுக்கோ "பகைவன் இங்கே, வாருங்கள்!" என்னும் போர்முரசு. 1962இல் விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தனர். தேனீப் பெட்டியருகே வாழைப்பழம் தின்னாதீர்கள் என்று தேனீ வளர்ப்போர் எச்சரிப்பது வெறும் மூடநம்பிக்கை அன்று.

மிட்டாய்க்குத் தேவைப்படுவது மிகச் சிறு அளவே. குடம் குடமாகச் செலவாவது பெயிண்ட், வார்னிஷ், தோல் மெருகு போன்றவற்றில் கரைப்பானாகத்தான். நகப்பூச்சுக் குப்பியைத் திறந்ததும் வரும் மணத்துக்கும் இக்குடும்பமே காரணம். இப்போது அதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் சேர்க்கிறார்கள். இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். நாற்றமடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். இனிய மணமென்றால் அருகில் போய் முகர்கிறோம். மூடிய அறையில் இந்த ஆவியை அதிகம் சுவாசித்தால் கண்ணும் தொண்டையும் எரியும், தலை சுற்றும். ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்திலேயே இது தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் பகுதியின் பகல் வெயில் பெரும்பாலும் அதற்கு மேல்தான். நகப்பூச்சுக் குப்பியை அடுப்பருகே வைக்கலாகாது. மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் தந்தையரும் அண்ணன்மாரும் சன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்யட்டும்.

ஆவிபறக்கும் ஆலைகளில் முகமூடி அணிந்துதான் வேலை. அந்த முகமூடி முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும் வாழைப்பழ எண்ணெயையே பயன்படுத்துகிறார்கள். முகமூடி அணிந்த தொழிலாளியைச் சிறு கூடாரத்துக்குள் நிற்க வைத்து, இதில் நனைத்த காகிதத்தை உள்ளே தொங்கவிடுவார்கள். அவர் தலையை ஆட்டுவார், குனிவார், பேசுவார். வாழைப்பழ வாசனை வந்துவிட்டால் முகமூடியில் எங்கோ இடைவெளி இருக்கிறது. வேறு முகமூடி தருவார்கள்.