உம்மாவின் நேரம்: வீட்டுவேலை, கைத்தொழில், பிள்ளைகளின் விளையாட்டு

பாடசாலையில் நாம் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் அநேகர் அதில் ‘இல்லை’ என்றோ ‘வீட்டுப்பணி’ என்றோ எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மணித்தியாலங்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சர்வதேச தொழில் ஸ்தாபனம் அதை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2018ஆம் ஆண்டில் அது வெளியிட்ட அறிக்கையின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலைக்கும் பராமரிப்புக்கும் ஒரு பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணித்தியாலம் 25 நிமிடம் செலவிடுகிறார். ஆண் செலவிடுவது 1 மணித்தியாலம் 23 நிமிடம். நமது நாட்டிலும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017ஆம் ஆண்டில் நேரப் பயன்பாடு பற்றி நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. வீட்டுப் பணியின் பெரும்பங்கு பெண்களின் தோளில் இருப்பதையே அதுவும் காட்டியது.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள ஒரு தாயின் நாளில் மூன்று விடயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதலாவது அன்றாட வீட்டுவேலை. இரண்டாவது தையல், தோட்டம், கோழி வளர்ப்பு, மா வறுத்து விற்பது போன்ற வீட்டிலிருந்தே செய்யும் முயற்சிகள். மூன்றாவது பிள்ளைகளோடு விளையாடும் நேரம். நேரம் போதாமல் போகும்போது முதலில் வெட்டப்படுவது மூன்றாவதுதான். அடுத்து வெட்டப்படுவது உம்மாவின் தூக்கம். இரண்டையும் வெட்டாமல் ஒரு நாளை ஒழுங்குபடுத்த முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பூநகரியில் கூடுதலாகச் சேரும் சுமை

சமைப்பதும் துவைப்பதும் எல்லா ஊரிலும் உள்ளவைதான். பூநகரியில் அவற்றோடு தண்ணீர்ப் பிரச்சினையும் சேர்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் யாழ்ப்பாணக் கடலேரி. ஆதலால் பல கிணறுகளில் உவர்நீர்தான் ஊறுகிறது. கோடையில் குடிதண்ணீர் பவுசரில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்னீர் உள்ள கிணற்றைத் தேடிக் குடத்தோடு போகவேண்டும். தண்ணீருக்கான நேரத்தை யாரும் நேரசூசியில் எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு தாயின் காலைப்பொழுதை அதுதான் முதலில் எடுத்துக்கொள்கிறது.

நாச்சிக்குடா போன்ற முஸ்லிம் குடியிருப்புகளில் வேறொரு காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் ஒரு பகுதியினரே மீளக்குடியேறினர். இதனால் உம்மும்மா ஓரிடம், மகள் ஓரிடம் என்று குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன. பிள்ளை அழுதால் தூக்க ஒரு பெரியம்மா, சோறு ஊட்ட ஒரு ராத்தா என்றிருந்த கூட்டு வாழ்க்கை குறைந்துவிட்டது. கணவர் கடலுக்கோ வயலுக்கோ போனபின் இளம் தாய் தனித்து நிற்கிறார். தனக்கு நேரம் போதவில்லை என்று அவர் சொன்னால் அதைத் திறமைக் குறைவு என்று எண்ணக்கூடாது. முன்பு மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொண்ட வேலை இன்று ஒருவர்மேல் விழுந்திருக்கிறது.

வேலைகளை எப்படிப் பிரிப்பது?

முக்கியமான வேலை, முக்கியமில்லாத வேலை என்று பிரிப்பது சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதிகம் உதவாது. சோறும் முக்கியம், துவைத்த உடுப்பும் முக்கியம். அதைவிட இரண்டு கேள்விகள் கூடிய பயன் தரும். இந்த வேலையைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது செய்யலாமா? இடையில் நிறுத்திவிட்டு மீண்டும் தொடரலாமா?

இக்கேள்விகளுக்கான பதிலை வைத்து வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். நெருப்பு, கொதிநீர், கத்தி, கிணறு ஆகியவற்றோடு தொடர்புடையவை முதல் வகை. இவற்றின்போது பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. கீரை ஆய்தல், உடுப்பு மடித்தல், முற்றம் கூட்டுதல், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல் போன்றவை இரண்டாம் வகை. இவற்றைப் பத்துத் தடவை நிறுத்தினாலும் நட்டமில்லை. துணி வெட்டுதல், அளவெடுத்துத் தைத்தல், கணக்கு எழுதுதல் மூன்றாம் வகை. இவற்றில் கவனம் சிதறினால் துணியும் பழுது, நேரமும் பழுது.

பல வீடுகளில் பிள்ளை பகலில் உறங்கியவுடன் உம்மா தும்புத்தடியைக் கையில் எடுக்கிறார். பிள்ளை எழும்பிய பின் தையல் மெஷினில் உட்காருகிறார். பிள்ளை நூலை இழுக்கிறது, ஏச்சு வாங்குகிறது. இந்த ஒழுங்கை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். பிள்ளை உறங்கும் நேரம் மூன்றாம் வகை வேலைக்கு உரியது. கூட்டுவதையும் மடிப்பதையும் பிள்ளை விழித்திருக்கும்போது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யலாம். முதல் வகை வேலைகளில் பெரும்பகுதியை ஸுபஹ் தொழுகைக்குப் பின்னர், பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னர் முடித்துவிட முயல வேண்டும்.

அடுக்களையின் அமைப்பும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். அமெரிக்காவில் லிலியன் கில்பிரெத் என்ற பொறியியலாளர் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். தொழிற்சாலைகளில் தொழிலாளர் வீணாக நடக்கும் தூரத்தைக் குறைப்பது பற்றி ஆராய்ந்த அவர், அதே முறையை வீட்டு அடுக்களைக்கும் கொண்டுவந்தார். தண்ணீர் இருக்கும் இடம், வெட்டும் இடம், அடுப்பு ஆகிய மூன்றும் சில எட்டுகளுக்குள் இருந்தால் களைப்புக் குறையும் என்பதே அதன் சாரம். விறகடுப்பு வைத்த நமது குசினிக்கும் இது பொருந்தும். குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் போய் அள்ளுவதை நிறுத்தினால், ஒரு நாளில் எத்தனையோ நடை மிச்சமாகும்.

விளையாட்டு ஏன் வேண்டும்?

விளையாட்டைப் பலர் வேலை முடிந்தபின் கொடுக்கும் சலுகையாகப் பார்க்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம் தனது 31ஆவது உறுப்புரையில் அதைப் பிள்ளையின் உரிமையாகக் கூறுகிறது. இலங்கை அச்சமவாயத்தை 1991இல் ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து ஓடியாட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கைத்தொலைபேசித் திரை தேவையே இல்லை. அதன் பின்னரும் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

180 நிமிடம் என்றதும் தாய்மார் பயப்படத் தேவையில்லை. அத்தனை நேரமும் உம்மா கூடவே ஓட வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. நாள் முழுவதும் துண்டு துண்டாகச் சேரும் நேரம் அது. உம்மா தரவேண்டியது தொடக்கம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் வேறெந்த வேலையும் கையில் இல்லாமல் பிள்ளையோடு நிலத்தில் உட்கார்ந்தால் போதும். சிரட்டையில் மண்சோறு சமைக்கலாம், பனையோலையில் காற்றாடி செய்யலாம், புளியங்கொட்டையை எண்ணி அடுக்கலாம். அதன் பிறகு பிள்ளை அந்த விளையாட்டைத் தானே தொடரும். உம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆயலாம். கவனமே கிடைக்காத பிள்ளைதான் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

வளவைப் பற்றியும் ஒரு சொல். கட்டில்லாத கிணற்றுக்கு வேலியும் மூடியும் இல்லாவிட்டால் பிள்ளையை வெளியே விடமுடியாது. மண்ணெண்ணெய்ப் போத்தலும் கத்தியும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். யுத்தம் நடந்த மண் என்பதால், பாவனையில்லாத காணிகளில் இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் வந்து சொல்லும்படி நடக்கப் பழகிய நாளிலிருந்தே பழக்க வேண்டும். ஒரு நாள் செலவழித்துக் கிணற்றைச் சுற்றி அடைத்துவிட்டால், உம்மா நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் பதைப்பு ஆண்டு முழுவதும் குறையும். வீட்டுத் திருத்த வேலைகளில் முதலில் செய்யவேண்டியது இதுதான்.

வேலையும் விளையாட்டாகலாம்

நமது ஊர்களில் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கிறார்கள். அப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய இத்தாலிய வைத்தியர். 1939இல் சென்னைக்கு வந்த அவர், பின்னர் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். கூட்டுதல், தண்ணீர் ஊற்றுதல், துடைத்தல் போன்ற வீட்டு வேலைகளையே சிறு பிள்ளைகளின் முதற் பாடங்களாக்கினார் அவர். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சின்னச் சுளகு ஒன்றைக் கொடுத்தால், அதற்கு அது விளையாட்டு. கைவிரல்களுக்கு அது பயிற்சி. வேலை சற்றுத் தாமதமாகும். ஆனால் உம்மாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தில் இருப்பார்கள்.

கைத்தொழிலுக்குக் கணக்கு

சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பின்னர் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணச் சந்தை கிட்டியது. மொட்டைக்கறுப்பன் அரிசி மா, பனையோலைப் பொருட்கள், தைத்த உடுப்பு என்று வீட்டிலிருந்தே உழைக்க வழியுண்டு. இங்கே பணத்தோடு மணித்தியாலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளை பகலில் ஒன்றரை மணித்தியாலம் உறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஆறு நாட்களுக்கு 9 மணித்தியாலம். ஒரு சட்டைக்கு 3 மணித்தியாலம் பிடித்தால் வாரத்துக்கு மூன்று சட்டை தைக்கலாம். ஆறு சட்டைக்கு ஒப்புக்கொண்டால் மீதி 9 மணித்தியாலம் தூக்கத்திலிருந்தோ விளையாட்டிலிருந்தோதான் வரவேண்டும்.

கடன் எடுத்துத் தொடங்கும்போது இந்தக் கணக்கு இன்னும் அவசியம். வாரத் தவணை வாரந்தோறும் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அது காத்திருக்காது. நுண்கடனில் சிக்கிய பெண்களின் துன்பம் முற்றியதால்தான், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய சிறு கடன்களை இரத்துச் செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கம் கொண்டுவந்தது. ஆகவே பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை, நாலைந்து கோழி, ஒரு பாத்தி கீரை போல இடையில் நின்றாலும் நட்டம் தராத முயற்சிகளில் தொடங்குவதே புத்தி.

பகிர்ந்துகொள்வது சுன்னத்தான வழி

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒருவரால் முழுவதையும் தூக்க முடியாது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்ற கருத்தில் அவர்கள் பதில் கூறியதாக ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. திரிகை சுற்றிக் கை நொந்த பாத்திமா (ரழி) அவர்களின் களைப்பும் ஹதீஸில் பேசப்படுகிறது. தந்தையான நபியவர்கள் அவரிடமே நேரில் வந்து, உறங்குமுன் ஓதும் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்தார்கள். பேத்தி உமாமாவைத் தூக்கிவைத்துக்கொண்டே தொழுதவர்களும் நபியவர்கள்தாம். வீட்டுவேலையோ பிள்ளையோடு விளையாடுவதோ ஆண்களின் மரியாதைக்குக் குறைவென்று சொல்வோருக்கு இவற்றில் போதிய பதில் உண்டு.

ஆகவே அஸருக்குப் பின் வரும் ஒரு மணித்தியாலத்தை வாப்பாவும் நானாமாரும் சிறு பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். தண்ணீர் எடுப்பதை ஆண்பிள்ளைகளின் பொறுப்பாக்கலாம். அந்த நேரத்தில் உம்மா சற்றுக் கால் நீட்டி இருந்தாலும் அது வீண் நேரமாகாது.

மாணவியரான நமக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் வேண்டும். உம்மாவின் சுமை கூடும்போது, கேட்பாரின்றி மூத்த மகளின் தலையில் அது இறங்குகிறது. தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று பாடசாலைக்கு விடாமல் மறிக்கப்பட்ட நாட்கள், பரீட்சை மண்டபத்தில் தெரியவரும். நாளைக்கு அரை மணித்தியாலம், இன்ன நேரம், இன்ன வேலை என்று பேசித் தீர்மானித்தால் உதவியும் நடக்கும், படிப்பும் நடக்கும். அத்தீர்மானத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். உம்மா எழும்பிய நேரத்திலிருந்து படுக்கும்வரை செய்யும் வேலைகளை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வகைகளில் எது என்று குறியுங்கள். பின்னர் வீட்டார் எல்லோரும் இருக்கும் நேரத்தில் அதை வாசித்து, யார் எதை எடுத்துக்கொள்வது என்று கேளுங்கள். எழுதி வைத்த வேலையை யாரும் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார்கள்.