மலைச் சாலையும் கடற்சாலையும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், "இந்த முறை எங்கேயாவது போகலாமே" என்ற பேச்சு தோட்டத்து வீடுகளில் எழும். முன்பெல்லாம் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேருந்தை வாடகைக்கு எடுப்போம். ஓட்டுவது வேறொருவர் பொறுப்பு. இன்று பல வீடுகளில் சொந்தக் கார் இருக்கிறது. மகனோ மருமகனோ ஓட்டுகிறார். நினைத்த நேரத்தில் புறப்படலாம், நினைத்த இடத்தில் நிற்கலாம். இந்த வசதியோடு பொறுப்பும் நம் கைக்கு வந்துவிட்டது. ஆகவே ஒரு மலைச் சாலையிலும் ஒரு கடற்சாலையிலும் நாமே வண்டியோட்டிச் செல்வது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் மலைச் சாலை. நாம் எடுத்துக்கொள்வது தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை 1885ஆம் ஆண்டில் அளந்து சென்றார். ஆனால் மேலே ஏறுவதற்குச் சாலை கிடைக்க மேலும் 46 ஆண்டுகள் ஆயின. 1931ஆம் ஆண்டில்தான் அந்தச் சாலை திறக்கப்பட்டது. மலாயாவின் சாலைகளை அமைத்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. பொதுப்பணித் துறையின் லயங்களில் தங்கிக் கல் உடைத்து, மண் வெட்டிச் சடக்கு போட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மேலே 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்திலும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்துக்கு நேராகச் சாலை போட்டால் எந்த வண்டியும் ஏறாது. ஆகவே சாலையை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள். தூரம் கூடியது, செங்குத்து குறைந்தது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 23 மீட்டர்தான் ஏறுகிறோம். நம்மை அலுக்க வைக்கும் அந்த வளைவுகளே நம்மை மேலே சேர்க்கின்றன.

ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டால் காற்று மாறுவதை உணரலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். தாப்பாவில் வியர்த்துக்கொண்டு ஏறிய பாட்டி, ரிங்லெட்டில் சால்வை கேட்பார். தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், சாலையோரத்திலேயே லாத்தா இஸ்கந்தார் அருவி விழுகிறது. வழியில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் தேனும் வைத்து விற்கிறார்கள். ரிங்லெட்டைத் தாண்டினால் 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் தெரியும். மின்சாரத்துக்காகக் கட்டிய அணை இது.

ஏறுவது எளிது. இறங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது. இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்களோடு ஒரு வேனில் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். திரும்பி இறங்கும்போது, ஓட்டிய தம்பி வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். பாதி வழியில் கருகல் நாற்றம் அடித்தது. பின்னால் வந்த லோரிதான் புகைகிறது என்று எண்ணினோம். லாத்தா இஸ்கந்தாரை நெருங்கும்போது பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனது. நல்ல வேளையாகச் சாலை அங்கே சற்றுச் சமமாக இருந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஒருவாறு ஓரத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற வயதான லோரி ஓட்டுநர் ஒருவர் சக்கரத்தருகே கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, "ஏறுவதற்கு எந்தக் கியர் போட்டாயோ, இறங்குவதற்கும் அதே கியர் போடு தம்பி" என்றார். எங்களுக்குக் கிடைத்த பாடம் அதுதான்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய காரின் எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 1,300 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 50 லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு பெரிய வெந்நீர் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யாராவது தாங்கியாக வேண்டும். பிரேக் மட்டுமே தாங்கினால் அது அளவுக்கு மீறிச் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால், அதில் ஊறிய ஈரம் கொதித்து ஆவியாகிறது. அப்போது மிதியை எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

குறைந்த கியரில் இறங்கினால் சக்கரங்கள் இஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தப் பாரமே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கின் வேலை குறையும். தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளிலும் இதற்கு வழி உண்டு. 'டி' நிலையிலேயே விட்டுவிடாமல், வண்டிக்கு ஏற்ப 'எல்', '2', 'எஸ்' அல்லது 'பி' நிலைக்கு மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எது என்பதை வீட்டிலேயே கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் அது ஆறும்.

பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இஞ்சின் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். ஆகவே நியூட்ரலில் மிச்சம் ஒன்றும் இல்லை, ஆபத்துத்தான் மிச்சம்.

கருகல் நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடேறிய சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்புத் தட்டு கோணிப் போகலாம், வெடிக்கவும் கூடும். பேருந்தை வாடகைக்கு எடுப்பவர்களும் இதையெல்லாம் அறிந்திருப்பது நல்லது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்ததில் 37 உயிர்கள் போயின. ஓட்டுநர் வேகமாக இறங்குகிறார் என்று தோன்றினால், "மெதுவாகப் போங்கள் ஐயா" என்று சொல்லப் பயணிகள் கூச்சப்படக் கூடாது.

மலையில் மழையையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடித்துக்கொள்ளும். அதோடு மூடுபனியும் இறங்கும். ஆகவே காலையில் ஏறி, மறுநாள் காலையில் இறங்குவது நல்லது. மலையை வெட்டிப் போட்ட சாலையில், நீர் ஊறிய மண் பிடிப்பை விட்டுச் சரிகிறது. சேற்று நீர் சாலையில் வழிந்தாலும், சிறு கற்கள் உருண்டு விழுந்தாலும், மரங்கள் சாலைப் பக்கம் சாய்ந்து நின்றாலும் அந்தச் சரிவின் கீழே நிற்காதீர்கள். படம் எடுக்கும் ஆசையைச் சற்று அடக்கி வைப்போம்.

இனிக் கடற்பக்கம் போவோம். கேமரன் மலையின் வடக்குக் கோடியில் கம்போங் ராஜா இருக்கிறது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறி வரும் 185ஆம் எண் சாலை, அதன் வழியாக லோஜிங், குவா மூசாங், கெஞ்ஞிர் ஏரிப் பக்கம் என்று காட்டை ஊடுருவிக் கிழக்கே போகிறது. கோல பெராங்கை அடைந்து அங்கிருந்து கோல திரங்கானுவுக்குப் போய்விடலாம். குவா மூசாங்கில் எண்ணெயை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்பால் வெகுதூரத்துக்குக் காடுதான். யானைகள் சாலையைக் கடக்கும் பகுதி அது. பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். யானை நின்றால் ஒலி எழுப்பாமல், தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள்.

கோல திரங்கானுவிலிருந்து குவாந்தான் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இப்போது விரைவுச்சாலை உண்டு, ஆனால் அது உள்நாட்டு வழியாகப் போகிறது. கடலைக் காட்டுவது பழைய 3ஆம் எண் சாலைதான். மாராங், ரந்தாவ் அபாங், டுங்குன், கெர்த்தே, கெமாமான், செராத்திங் என்று ஊர்கள் வரும். பல இடங்களில் தென்னை மரங்களுக்கு இடையே கடல் தெரிந்துகொண்டே இருக்கும். ரந்தாவ் அபாங் கடற்கரையில் ஒரு காலத்தில் தோல் போன்ற முதுகுடைய மாபெரும் கடலாமைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிட்டன. முட்டைகளை மனிதர் எடுத்ததும், ஆமைகள் மீன்பிடி வலைகளில் சிக்கி மடிந்ததும் சேர்ந்து அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டன. 2000ஆம் ஆண்டுகளில் அங்கே ஏறிய ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகளுக்கு அந்தக் கரையில் நின்று சொல்ல வேண்டிய செய்தி இது.

கடற்சாலை நேரானது, சமமானது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வளைவு இல்லாததால் வேகம் நம்மையறியாமல் கூடும், கண்ணும் சொக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிக் கை கால் நீட்டுங்கள். மாலை மங்கிய பின் மாடுகளும் ஆடுகளும் சாலையில் படுத்திருப்பதுண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அப்போது வெள்ளமும் கொந்தளிப்பும் இருக்கும். கிழக்குக்கரைப் பயணத்தை ஏப்ரலுக்குப் பின் வைத்துக்கொள்வோம்.

கடலில் இறங்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள். அலைகள் உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடம் சில வேளைகளில் நீரை உள்ளே இழுக்கும் ஓட்டமாக இருக்கும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பதே நல்லது.

நேயர்களே, புறப்படுவதற்கு முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். டயர், பிரேக், விளக்கு, மழைத் துடைப்பான் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். வண்டியில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றாதீர்கள். நமக்காகக் காத்திருப்போரிடம், "இத்தனை மணிக்கு வந்துவிடுவோம்" என்று சொல்லாமல், "இருட்டுவதற்குள் எங்காவது தங்கிவிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அதோடு போய்விடும்.

நம் தாத்தாமார் ஒவ்வொரு கட்டையாக வெட்டித் திறந்த சாலைகளை ஒரு மணி நேரத்தில் கடந்துவிட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. மெதுவாகப் போனால் நாட்டையும் பார்க்கலாம், எல்லோரும் வீடு திரும்பவும் செய்யலாம்.