வாசற்படியும் கணக்கேடும்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது தர்மம். இதில் நமக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் கடன் கொடுத்தவருக்குத் தம் பணத்தின்மீதுதான் பாத்தியதை உண்டு. வாங்கியவருடைய மானத்தின்மீது இல்லை. தமிழ்நாட்டுக்கு இது புதிய கொள்கையன்று. 1938 ஆம் வருஷத்தில் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலுக்கு இரு மடங்கு செலுத்திவிட்ட குடியானவருடைய கடன் அடியோடு தீர்ந்ததென்றே விதித்தது.

இன்று கடன் கொடுப்பவர் ஊர் லேவாதேவிக்காரர் மட்டுமல்லர். பாங்குகளும் நிதிக் கம்பெனிகளும் வசூலுக்கு ஏஜெண்டுகளை ஏவுகின்றன. அடியாட்களைக் கொண்டு கடன் வசூலிக்கலாகாது என்று 2007 இல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தவணை தவறியவரைக் கூப்பிடலாகாது, அவருடைய குடும்பத்தாரைத் தொந்தரவு செய்யலாகாது என்று 2022 இல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. பின்தொடர்வதும், வீட்டு வாசலில் ஓயாமல் வந்து நின்று மிரட்டுவதும் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று 2025 இல் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை.

வாசற்படியில் நடக்கும் கொடுமையை ஊரார் காண்கிறார்கள். கணக்கேட்டில் நடக்கும் கொடுமையை யார் காண்கிறார்கள்? கடனைத் தீர்த்துவிட்டவர் பெயரில் பாக்கி நிற்கிறது. ஒரே பெயருள்ள இருவரில் ஒருவருடைய பாக்கி மற்றவர் தலையில் ஏறுகிறது. மகளின் படிப்புக்காகவோ, ஒரு கறவை மாட்டுக்காகவோ பாங்கின் படியேறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. விசாரணையின்றியே தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது!

இத்தகைய தவறைத் திருத்தச் சொல்லும் உரிமையை 2005 ஆம் வருஷத்துக் கடன் தகவல் கம்பெனிகள் ஒழுங்குமுறைச் சட்டம் அளித்தது. 2023 இல் ரிசர்வ் பாங்கு அதற்குப் பல்லும் நகமும் கொடுத்தது. புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் புகார்தாரருக்கு நஷ்ட ஈடாகத் தரவேண்டும் என்பதே அந்த உத்தரவு. தாமதம் பாங்கினுடையதாயின் பாங்கு தரவேண்டும். தகவல் கம்பெனியினுடையதாயின் கம்பெனி தரவேண்டும். ஜனங்கள் 'சிபில்' என்று வழங்கும் கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகள் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைவசமுள்ளன. ஏடு யார் கையிலிருப்பினும் சட்டம் நம்முடையது.

ஆயினும், புகார் எழுதத் தெரியாதவருக்கு இந்த 100 ரூபாயால் என்ன பயன்? ஒருவர் தவணை தவறியதாகத் தகவல் கம்பெனிக்கு எழுதும்போது அவருக்கும் செய்தி அனுப்பவேண்டுமென்பது 2023 ஆம் வருஷத்து உத்தரவுகளில் ஒன்று. அச்செய்தி தமிழில் வரவேண்டும். புகாரை நிராகரித்தால் அதன் காரணத்தையும் தமிழில் தெரிவிக்கவேண்டும். தன் பெயரில் எழுதப்பட்ட குற்றத்தைத் தன் பாஷையில் படிக்க முடியாதவன் அதை எங்ஙனம் மறுப்பான்?

சர்க்காரைக் கேட்பதோடு தொண்டர்களின் கடமை முடிந்துவிடவில்லை. கடன் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பெற எவருக்கும் உரிமையுண்டு. பேட்டைதோறும், கிராமந்தோறும் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, வருவோருக்கு அதைப் பெற்றுப் படித்துச் சொல்லுங்கள். பிழையிருந்தால் புகார் எழுதிக் கொடுங்கள். புகார் கொடுத்த தேதியைக் குறித்துவையுங்கள். முப்பத்தோராம் நாள் நஷ்ட ஈட்டைக் கேளுங்கள். கேட்பாரற்ற உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.