நெருப்பும் கற்பித்தலும்: புரோமிதியஸ் தொன்மமும் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதினமும்

ஆய்வுச்சுருக்கம்

மேரி ஷெல்லி தம் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) புதினத்திற்கு ‘நவீன புரோமிதியஸ்’ என்னும் பொருள்படத் துணைத்தலைப்பு இட்டார். இறைமையின் எல்லையை மீறியவனின் வீழ்ச்சி என்றே இவ்வொப்புமை பெரிதும் விளக்கப்படுகிறது. படைத்தவன் தன் படைப்புக்கு நெருப்பையும் அதனைக் கையாளும் அறிவையும் வழங்கினானா என்னும் வினாவின்வழி இரு பனுவல்களும் வேறுபடும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி ஒப்பீட்டிற்குத் துணையாகிறது.

திறவுச்சொற்கள்: தொன்மம், படைப்பு, நெருப்பு, பொறுப்பு, மயிற்பொறி.

முன்னுரை

தீப்பெட்டியும் பட்டாசும் வாழ்வாதாரமாக விளங்கும் திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்தில் நெருப்பு வெறும் உருவகம் அன்று, அன்றாடத் தொழில். நெருப்பை யார் தந்தார் என்பதினும், எத்தகைய பயிற்சியுடன் தந்தார் என்பதே இங்கு உயிர்ப்பிரச்சினை. இப்பின்புலமே இவ்வாய்வுக்கு அடிப்படை.

தொன்மத்தின் இரு கூறுகள்

ஹெசியோடின் பாடல்களில் புரோமிதியஸ், சீயஸ் மறைத்துவைத்த நெருப்பை உள்ளீடற்ற தண்டொன்றில் கவர்ந்து மாந்தர்க்கு அளிக்கிறான். அவனது கல்லீரலைக் கழுகு நாள்தோறும் உண்ணும் தண்டனைக்கு ஆளாகிறான். எஸ்கிலஸின் பெயரால் வழங்கும் நாடகத்தில் எண், எழுத்து, மருத்துவம், கடற்பயணம் ஆகியவற்றையும் அவனே கற்பிக்கிறான். உரோமானியப் புலவர் ஓவிட், மண்ணும் நீரும் குழைத்து மனிதனை வனைந்தவனாக அவனைக் காட்டுகிறார். ஆக, வனைதல், வழங்குதல், கற்பித்தல் என்னும் மூன்று செயல்களும் இத்தொன்மத்தில் இணைகின்றன.

புதினத்தில் நெருப்பு

விக்டர் இவற்றுள் முதற்செயலை மட்டுமே செய்கிறான். படைப்பு கண் திறந்தவுடன் அஞ்சி அறையைவிட்டு ஓடுகிறான். அதற்குப் பெயர்கூட இடவில்லை. காட்டில் அலையும் அவ்வுயிர், இரவலர் விட்டுச்சென்ற நெருப்பைக் காண்கிறது. வெம்மையில் மகிழ்ந்து தணலுக்குள் கைவிட்டுச் சுட்டுக்கொள்கிறது. பின்னர் விறகை உலர்த்தவும் நெருப்பைக் காக்கவும் தானே கற்றுக்கொள்கிறது. தான் நேசித்த குடும்பத்தார் தன்னை வெறுத்து வெளியேறியபின் அவர்தம் குடிலை எரிக்கிறது. இறுதியில், வடமுனையில் தன்னையே எரித்துக்கொள்ளப்போவதாகக் கூறி மறைகிறது. வெம்மை, காயம், பழிவாங்கல், தன்னழிவு என வளரும் இந்நிரலில் படைத்தவனின் வழிகாட்டல் ஓரிடத்தும் இல்லை.

அறிவு வேட்கையின் ஆபத்தை விக்டரே வால்டனிடம் எச்சரிப்பதால், எல்லைமீறல் என்னும் விளக்கம் ஆதாரமற்றது அன்று. எனினும் அது படைத்தவனின் தரப்பு. தான் படைக்கப்பட்டதைக் காட்டிலும் கைவிடப்பட்டதையே படைப்பு தன் முதன்மைக் குற்றச்சாட்டாக வைக்கிறது. இரு தரப்புக்கும் தத்தம் குரலிலேயே பேச இடமளிப்பது இப்புதினத்தின் சிறப்பு.

மயிற்பொறி

திருத்தக்கதேவரின் காப்பியத்தில் சச்சந்தன் வான்வழிச் செல்லும் மயிற்பொறியைச் செய்விக்கிறான். அதனை இயக்கும் முறையை விசயைக்கும் பயிற்றுவிக்கிறான். அரசு வீழ்ந்த நாளில் அப்பொறியே கருவுற்ற அரசியைச் சுடுகாட்டில் இறக்கிக் காக்கிறது. சீவகன் அங்குப் பிறக்கிறான். மயிற்பொறி உயிரற்றது, ஆதலின் இவ்வொப்புமை முழுமையானது அன்று. ஆயினும் பொறியோடு பயிற்சியையும் சேர்த்து வழங்கும் பொறுப்புணர்வு இங்குப் புலனாகிறது.

முடிவுரை

புரோமிதியஸ் வழங்கியமைக்காகத் தண்டிக்கப்பட்டான். விக்டரோ வழங்காமையால் அழிந்தான். எனவே புதினத்தின் துணைத்தலைப்பை ஒப்புமையாக மட்டுமன்றி முரணாகவும் வாசித்தல் வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் அடங்குவர். அணுகலாகாத தொலைவை அறியாமல் அணுகியவர்கள் அவர்கள். ஆற்றலை உருவாக்குவோர் அதன் இயல்பைச் சூழவுள்ளோர்க்கும் உணர்த்தக் கடமைப்பட்டவர் என்னும் அறத்தை, கைசுட்டுக் கற்ற அப்பெயரற்ற உயிரின் கதை இவ்வட்டார வாசகர்க்கு நினைவூட்டுகிறது.