வாசலில் நின்ற சாப்ளின்

1905 ஜூன் மாதத்தில் ஹாரி டேவிஸ், ஜான் ஹாரிஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கடையிடத்தைக் கொட்டகையாக்கி, ஐந்து சென்ட் கட்டணத்தில் படம் காட்டத் தொடங்கியதையடுத்து, ‘நிக்கலோடியன்’ எனப்பட்ட இத்தகைய சிறு கொட்டகைகள் சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டு நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளிலும் பெருகின. ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு சுருள் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும்; அவ்வாறான சில சுருள்கள் சேர்ந்த காட்சி பல கொட்டகைகளில் நாள்தோறும் மாறியது. இன்று வந்து நாளை போய்விடும் படத்துக்குத் தனியே பெரிய விளம்பரம் செய்வது கட்டுப்படியாகாது என்பதால், அக்கம்பக்கத்தாரையே நம்பியிருந்த கொட்டகைக்காரருக்கு அவரது வாசலே முதன்மையான விளம்பர மேடையாயிற்று.

வாசலில் நின்று கூவி அழைப்பவரும், தெருப்பக்கம் திருப்பிவைத்த கிராமபோன் குழாயும், கல்லச்சில் அச்சிட்ட வண்ணச் சுவரொட்டிகளும் வழிப்போக்கரை நிறுத்தின. உள்ளே இருந்தவர்களுக்கோ, கண்ணாடித் தகட்டில் எழுத்தும் படமும் தீட்டி விளக்கொளியால் திரையில் விழச்செய்யும் சிலைடுகள் அடுத்து வரும் படத்தை அறிவித்தன.

நகைச்சுவைப் படத்துக்கு இவை மட்டும் போதவில்லை. அதன் கதை ஒரு வரியில் தீர்ந்துவிடும். அதன் உயிரெல்லாம் நடிகரின் உடம்பில்தான் இருந்தது. மேக் சென்னட் 1912இல் தொடங்கிய கீஸ்டோன் படநிறுவனத்தில் வாரம் 150 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்த சார்லி சாப்ளின், 1914 பிப்ரவரியில் தொளதொளத்த கால்சட்டை, இறுகிய கோட்டு, வட்டத் தொப்பி, பிரம்பு, சிறு மீசை ஆகியவற்றோடு திரையில் தோன்றியபின், கொட்டகைக்காரர்களுக்குத் தேவைப்பட்டது கிடைத்தது. அவ்வுருவத்தை ஆளுயர அட்டையில் வெட்டி, ‘இன்று இங்கே இருக்கிறேன்’ என்னும் வாசகத்தோடு வாசலில் நிறுத்தினார்கள். படத்தின் பெயர் அதில் இல்லாததால் ஒரே அட்டை அடுத்தடுத்த படங்களுக்கும் உதவியது; ஆங்கிலம் படிக்கத் தெரியாத குடியேறிகளுக்கும், எழுத்தறியாச் சிறுவர்களுக்கும் அந்த நிழலுருவே செய்தி சொன்னது. 1915 வாக்கில் சாப்ளினைப் போல் நடந்துகாட்டும் போட்டிகளையும் கொட்டகைகள் நடத்தின.

சாப்ளினின் புகழை அவரது மேதைமைக்கும் படநிறுவனங்களின் சாமர்த்தியத்துக்கும் மட்டுமே வரவுவைப்பது நியாயமாகாது; அதில் பெயர் தெரியாத கொட்டகைக்காரர்களின் உழைப்புக்கும் உரிய பங்குண்டு. 1916இல் மியூச்சுவல் என்னும் படநிறுவனம் சாப்ளினுக்கு வாரம் 10,000 டாலரும், தனியே 1,50,000 டாலரும் தர முன்வந்தபோது, அது விலைபேசியது நடிப்புத் திறனை மட்டுமன்று, தெருமுனைகளில் ஊன்றப்பட்டிருந்த அந்த அடையாளத்தையும்தான். அவ்வடையாளம் எவ்வளவு வலுப்பெற்றிருந்தது என்றால், 1917இல் பில்லி வெஸ்ட் என்னும் நடிகர் அதே உடையும் மீசையும் தரித்து, அதே நடையில் தனிப் படங்களிலேயே நடித்துவந்தார்.