கொள்ளைநோய்க்குப் பின் கண்: எபோலாவிலிருந்து தப்பியோரின் பார்வைப் பிரச்சினை

கொள்ளைநோய் ஒன்று முடிவுற்றதென எப்பொழுது கூறலாம்? புதிய நோயாளர் தோன்றாது குறித்த காலம் கழிந்ததும் முடிவு அறிவிக்கப்படுகின்றது. பொதுச் சுகாதார நிர்வாகத்துக்கு இவ்வளவுகோல் இன்றியமையாதது. ஆயின், பிழைத்தோரின் உடலில் நோயின் வரலாறு அத்துடன் முடிவதில்லை. மேற்கு ஆபிரிக்காவில் 2013 முதல் 2016 வரை பரவிய எபோலாவைக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

கினி, லைபீரியா, சியராலியோன் ஆகிய நாடுகளில் 28,600க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கு மேற்பட்டோர் இறந்தனர். உயிர் தப்பியோருட் பலர் கண்வலி, ஒளிக்கூச்சம், மங்கற் பார்வை ஆகியவற்றோடு மீண்டும் வைத்தியரை நாடினர். 1995இல், இன்று கொங்கோ ஜனநாயகக் குடியரசு எனப்படும் நாட்டின் கிக்விற் நகரில் எபோலாவிலிருந்து தப்பிய சிலரிடமும் கண்ணின் நடுப்படல அழற்சி காணப்பட்டிருந்தது. ஆயினும் அன்று தப்பியோர் தொகை சிறிது. எனவே பிரச்சினையின் பரிமாணம் புலப்படவில்லை.

வைரசு கண்ணைப் பற்றுவதேன்? அழற்சி கட்டுமீறினால் விழித்திரை போன்ற மென்மையான இழையங்கள் அழிந்துவிடும். அவை மீள வளர்வதில்லை. ஆதலால் உடல் கண்ணினுள் தனது நிர்ப்பீடனத் தொழிற்பாட்டை அடக்கியே வைத்துள்ளது. பார்வையைக் காக்கும் இவ்வேற்பாடே வைரசுக்குப் புகலிடமும் ஆகின்றது. சியராலியோனில் பணியாற்றித் தொற்றுக்குள்ளான அமெரிக்க வைத்தியர் ஒருவரின் இரத்தத்தில் வைரசு அற்றுப்போய் ஏறத்தாழ 9 வாரங்களின் பின், அவரது கண்ணின் உள்நீரில் உயிருள்ள வைரசு கண்டறியப்பட்டது. நீல நிறமான அவரது விழி பச்சையாக மாறியிருந்தது. 2015இல் வெளியான இவ்வறிக்கை ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது.

லைபீரியாவில் எபோலாவிலிருந்து தப்பிய 966 பேரை, தொற்றுக்குள்ளாகாத அவர்தம் நெருங்கிய தொடர்பினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. நடுப்படல அழற்சி முதற் பரிசோதனையில் தப்பியோரிடம் 26.4 வீதமாகவும் ஏனையோரிடம் 12.1 வீதமாகவும் இருந்தது. ஓராண்டின் பின் இவை முறையே 33.3, 15.4 வீதங்களாயின. சியராலியோனிலோ, ஆராயப்பட்ட 82 பேரில் 12 பேரின் விழித்திரையில் தனித்தன்மை வாய்ந்த வடுக்கள் காணப்பட்டன. அவை பார்வை நரம்பிழைகள் வளைந்து செல்லும் பாதையிலேயே அமைந்திருந்தன. வைரசு பார்வை நரம்பின் வழியே விழித்திரையை அடைந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது இடமளிக்கின்றது.

இங்கு மருத்துவப் பிரச்சினை சமூகப் பிரச்சினையாகின்றது. தொடர்ந்த அழற்சி கண்புரையைத் தோற்றுவிக்கும். கண்புரையை அகற்றுதல் அரிய சத்திரசிகிச்சையன்று. ஆனால், கண்ணினுள் வைரசு எஞ்சியிருக்குமாயின் சத்திரசிகிச்சை நிபுணருக்கும் தாதியருக்கும் தொற்றக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று; அதனை நீக்கும் வழி பரிசோதனையே. சியராலியோனில் தப்பியோர் 50 பேரின் கண்ணீர்மத்தை ஆராய்ந்தபோது எவரிடமும் வைரசு காணப்படவில்லை. அவ்வாறு உறுதிசெய்த பின் சத்திரசிகிச்சை பெற்றோரின் பார்வை மேம்பட்டமையை 2018இல் வெளியான அறிக்கை காட்டுகின்றது.

எனவே, இவர்களது குருட்டுத்தன்மையில் ஒரு பகுதி தவிர்க்கக்கூடியதாகும். உரிய காலத்தில் அழற்சியைக் கண்டறியக் கண் வைத்தியரும் கருவிகளும் மருந்தும் வேண்டும். வறிய நாடுகளில் இவை அரிதாக இருப்பது வைரசின் இயல்பன்று. மனித ஏற்பாட்டின் குறைபாடே. இறந்தோரை எண்ணுவதோடு கொள்ளைநோய்க் கணக்கை மூடிவிடாது, பிழைத்தோரின் பார்வையையும் அதிற் சேர்த்தல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவதாகும்.